பிள்ளையைத் தூக்கப் பயப்படும் மகனுக்கு

குன்னூர்,
18.7.84

அன்பு மகன் தங்கவேலுவுக்கு அம்மா வீரம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி அம்சவேணியும் பேரனும் நல்ல சுகம், நீ அங்கே வடக்கே பிலாயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. ஆமாம், உன்னிடம் சொல்லாமல் கைப்பிள்ளையோடு ரயிலேறியவள் இங்கேதான் இருக்கிறாள். காரமடையில் தாய்வீடு இருக்க, அதைத் தாண்டி மலையேறி மாமியாரிடம் வந்தாள் என்றால் உன்னை விட்டுவிட அவளுக்கு மனமில்லை என்று அர்த்தம், அது உன் மண்டையில் ஏறட்டும். மழை விடவில்லை, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பேரனுக்குச் சளி பிடித்துக் கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன், இப்போது தேவலை. மூக்கு அப்படியே உன்னுடையது.

வந்த அன்றே அவள் அழுதுவிட்டாள். "தொட்டா வெலகிப் போறாருங்க அத்தை, லீவு நாள்ல செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு, சோறுகூட வேண்டாங்கறாரு, பெத்த புள்ளையத் தூக்க மாட்டேங்கறாரு, என்னையப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க" என்றாள். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமே. சிலோன் தோட்டத்தில் உன் அப்பா குடித்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினால் நீ கட்டிலுக்கடியில் ஒளிவாய், இழுத்துப் போட்டு அடிப்பார், மறிக்கப் போனால் எனக்கும் விழும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறினேன், அடியெல்லாம் அந்தக் கரையோடு போயிற்று என்று நினைத்தேன். இங்கே வந்தும், எண்ணெய் வைக்க நான் கையைத் தூக்கினால் நீ தலையை மூடிக்கொள்வாய். வாய் திறந்து ஒரு பேச்சுப் பேச மாட்டாய்.

அப்புறம்தான் ஒன்றைக் கண்டுகொண்டேன். என் இரண்டு கையும் வேலையில் இருந்தால் மட்டும் நீ கிட்டே வருவாய். பள்ளிக்கூடம் விட்டதும் தேயிலைக்குள் ஓடி வந்து செடி நிரைக்கு அந்தப் பக்கமாகவே நடப்பாய், நான் கொழுந்து கிள்ளக் கிள்ள நீ கதை சொல்வாய், படகர் வீட்டுப் பையன் உருளைக்கிழங்கு சுட்டுக் கொடுத்தது, வாத்தியார் நாற்காலியிலேயே தூங்கி விழுந்தது, எல்லாம். அம்மாவும் மகனும் கச்சேரி வைக்கிறீர்களா என்று கங்காணி சத்தம் போடுவார். வீட்டிலும் உனக்காகவே கையைச் சும்மா வைத்திருக்க மாட்டேன், உரிக்கப் பட்டாணி இல்லாத நாளில் புடைத்த அரிசியையே திரும்பப் புடைப்பேன். அந்தப் பனியும் உன் கிழிந்த ஜெர்சியும் ஓயாத அந்தப் பேச்சும் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. பிறகொரு நாள் நீயாகவே எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் நான் அழுதது உனக்குத் தெரியாது.

டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். சின்ன வயதில் பட்டது பெரியவனான பிறகும் மனதை அமுக்கும், பெண்சாதி பிள்ளையிடம்கூட ஒட்ட விடாது, அதற்கு வைத்தியம் இருக்கிறது என்றார். அங்கே டாக்டரைப் போய்ப் பார், இதில் வெட்கம் ஒன்றுமில்லை. அம்சவேணியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டவன் நீ, நீதான் சொல்ல வேண்டும். ஆடி முடிந்ததும் அவள் அப்பா வந்து அவளைக் காரமடைக்குக் கூட்டிப்போகப் போகிறாராம், போனால் திரும்ப அனுப்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் லீவு போட்டு வா. நேரில் சொல்ல வாய் வராது என்றால், அம்மா நீயே சொல்லிவிடு என்று ஒரு வரி எழுது, நான் சொல்கிறேன்.

மாரியாத்தா உன்னையும் உன் குடும்பத்தையும் கண்போலக் காப்பாள். வரும்போது கம்பளி எடுத்து வா, குளிர் அதிகம். இன்னொன்று மகனே. பிள்ளையைத் தூக்கினால் அப்பாவைப் போல நீயும் அடித்துவிடுவாயோ என்று பயப்படுகிறாய், எனக்கு விளங்குகிறது. உன் அப்பாவோடு வாழ்ந்த காலமெல்லாம் பார்த்தேன், அந்தப் பயம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
வீரம்மா