புனிதரின் இரண்டு இடது கைகள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஆலயத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் புனிதரை வெளியே எடுத்திருக்கிறோம். முந்நூறு வருட எலும்புகள். மண்டையோட்டில் முத்துக் கிரீடம், விலா எலும்புகளைச் சுற்றித் தங்க இழை. நைந்த பட்டுத் துணியை மாற்றித் தைப்பது என் வேலை. அம்மா போன செய்தி வந்த அன்றும் இங்கே ஓரம் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் ஆகவில்லை எனக்கு.

உன்
பூச்சி

மார்ச் 19

அடி பூச்சி,

எலும்புக்கு நகை போட்டு அழகு பார்க்க உனக்கு நேரம் இருக்கிறது. அம்மாவின் சாம்பல் கலசம் ஐந்து மாதமாக என் பீரோவில், புடவைகளுக்கு நடுவே. உன் அத்தான் பீரோவைத் திறக்கும்போதெல்லாம், "அத்தை, கொஞ்சம் நகருங்க, சட்டை எடுக்கணும்" என்கிறார். நீ வந்தால்தான் கரைப்பேன். வருவாயா, மாட்டாயா?

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நேற்று பழைய கையுறைகளைக் கழற்றினேன். புனிதருக்கு இரண்டுமே இடது கை. அன்று எலும்பு அடுக்கிய கன்னியாஸ்திரிகளுக்கு வலது கை கிடைக்கவில்லை போல. யாருடையதையோ வைத்து, பட்டுக் கையுறை மாட்டி, மோதிரமும் போட்டிருக்கிறார்கள். பங்குத்தந்தை குனிந்து பார்த்தார். "வலது கையே இல்லாமத்தான் இத்தனை நாளா ஊரை ஆசீர்வதிச்சுட்டு இருக்காரா! நான் பாக்கலைம்மா. நீயே முடிவு பண்ணு" என்று போய்விட்டார்.

வருவதைப் பற்றி. கலசத்தைப் பார்த்தும் எனக்கு அழுகை வராவிட்டால்?

பூச்சி

ஏப்ரல் 20

பூச்சி,

அழுகை வராவிட்டால் போகட்டும், யார் கேட்டார்கள்? யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று தகனக் கூடத்து மேசையில் இரண்டு கலசங்கள் இருந்தன. "சீட்டு நம்பரைப் பாத்து எடுத்துக்கங்கம்மா" என்றார் ஊழியர். சீட்டை எங்கோ தொலைத்திருந்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. கைக்கு எட்டியதை எடுத்து வந்துவிட்டேன். அது அம்மாதானா, தெரியாது. இதை வைத்துக்கொண்டு தனியாக என்னால் தண்ணீரில் இறங்க முடியாது.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

கையுறைகளை மாட்டிவிட்டேன். கட்டைவிரல் மாறி நின்ற பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்தேன். பேழையை மூடியாயிற்று.

வியாழன் மாலை நாலு மணி ரயிலில் வருகிறேன். எங்கும் போய் விசாரிக்காதே. யாராக இருந்தாலும் இத்தனை மாதம் உன் புடவைகளுக்கு நடுவே இருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. அப்படியேதான் வருகிறேன்.

அத்தானிடம் சொல்லாதே. அவர் பாட்டுக்கு அத்தை என்றே கூப்பிடட்டும்.

பூச்சி