தங்கை கைக்கு ஒரு பிடி

மார்ச் 3
செருப்புக் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நூலகத்தின் 3டி பிரிண்டர் அறைக்குப் போனேன். கணினியில் வரைந்த பொருளை அங்கே பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்துத் தருவார்கள். தங்கைக்குத் தசை கரையும் நோய். பியூட்டி பார்லரில் ஊர்த் தலைமுடியெல்லாம் வெட்டிய விரல்கள். இப்போது ஒரு கரண்டிக் காம்பு அவற்றில் நிற்பதில்லை. ஊட்டவா என்றால் எரிந்து விழுகிறாள். காம்பில் மாட்ட, தடிமனாக ஒரு பிடி வேண்டும்.

கணினியில் முட்டை வடிவில் ஒரு கோடு வரைந்து, 'இழு' என்பதை அழுத்தினேன். ம்ஹூம், எழும்பவில்லை. அறையைப் பார்த்துக்கொள்பவர் எட்டிப் பார்த்தார். "கோடு இங்க சேரலம்மா. வேலி அடைச்சாத்தான் உள்ள இருக்கறது மேல எழும்பும்."

மயிரிழை இடைவெளிதான். சேர்த்தேன். தட்டையாகக் கிடந்தது தூணாக எழுந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 5
அவள் உள்ளங்கைக்கு நூல் சுற்றி அளவெடுத்தேன். "காலுக்கு அளவெடுத்து சலிச்சுப்போச்சா? எட்டாம் நம்பர் இருக்கான்னு பாருக்கா" என்றாள். பாதிச் சாப்பாடு தட்டிலேயே மிச்சம்.

மார்ச் 11
துளை போடவும் அதே இழுப்புதான். 'வெட்டு' என்று சொல்லி உள்நோக்கி இழுக்க வேண்டும். காம்பின் அளவையே துளைக்கும் கொடுத்தேன். அச்சாகி வந்தது, காம்பு நுழையவில்லை.

"உருகி வர்ற பிளாஸ்டிக் கொஞ்சம் பிதுங்கும்மா. சுத்தி மூச்சு விட இடம் குடுங்க."

மார்ச் 12
இடம் விட்டேன். நுழைந்தது!

மார்ச் 13
அவளே சாப்பிட்டாள். முழுத் தட்டும். நான் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பி நின்றேன். அழுததைப் பார்த்தால் திட்டுவாள்.

ஏப்ரல் 2
உடைந்துவிட்டது. வாயருகே போகும்போது படக்கென்று இரண்டாக. சாப்பாடெல்லாம் மடியில்.

"விடுக்கா. எனக்கு முன்னாடி அது போயிருச்சு."

இதெல்லாம் ஒரு பேச்சாடி? வாயிலேயே போட்டிருப்பேன். மடியைத் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3
நிற்கவைத்து அச்சடித்தது தப்பாம். "அடுக்கு அடுக்காத்தானே ஏறுது? அடுக்குக்கு நடுவுலதான் பிளக்கும். படுக்கப் போடுங்க" என்றார் பிரிண்டர் அறைக்காரர். உருளாமல் படுக்க அடிப்பக்கத்தைச் சற்றுத் தட்டையாக வெட்டினேன். அவள் விரல் பதிய மேலே பள்ளங்களும்.

ஏப்ரல் 9
பிரிண்டர் பழுது. காத்திருக்கச் சொன்னார்கள். நான் காத்திருப்பேன். அவள் நோய் காத்திருக்குமா?

ஏப்ரல் 21
வந்தது. கல் மாதிரி கெட்டி. தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்தேன். கச்சிதம்.

கை எழவில்லை. மேசையிலிருந்து ஒரு விரற்கடை, அவ்வளவுதான். மறுபடி முயன்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பார்த்தேன்.

"நல்லா வந்திருக்குக்கா."

நல்லா வந்து என்ன? இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தா — அந்த மெஷின் மட்டும் படுக்காம இருந்திருந்தா —

ஏப்ரல் 22
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24
மதியம் அவளே சொன்னாள்: "பசிக்குதுக்கா. நீயே ஊட்டு. அந்தக் கரண்டிலயே ஊட்டு."

அவளுக்குப் போட்ட பள்ளத்தில் என் விரல்கள் உட்காரவில்லை, வழுக்கின. "ஊதிக் குடு… மெதுவா… எங்கயாச்சும் ஓடப் போறேனா?" என்று அதட்டி அதட்டியே சாப்பிட்டு முடித்தாள்.

ஏப்ரல் 27
கடைக்குப் போகும் வழியில் பிரிண்டர் அறைக்காரரைப் பார்த்தேன். "எப்படிம்மா, இந்தத் தடவை சரியா வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க. சாப்பிடுறா" என்றேன்.