தொட்டுக்கொள்ள ஊறுகாய்

பாலக்கோடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பிரவீனுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் தங்கச்சி கேத்தரினும் சுகம். அப்பாவும் சுகம் என்று வழக்கம்போல் எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அவர் காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கேத்தரின் போட்டோ பிடித்து உன் கப்பலுக்கு அனுப்புவாள்.

ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு தொட்டாலும் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதும் தவக்காலத்தோடு அப்பா குடியை விட்டது உனக்குத் தெரியும். சாயங்காலம் ஆனால் கை நடுங்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். அப்போதுதான் நீ கப்பல் பாரில் கலக்கித் தருகிற தக்காளிச் சரக்கைச் சாராயம் இல்லாமல் செய்ய வீடியோ அனுப்பினாய். அதற்கு வர்ஜின் மேரி என்று பெயராம், மாதா பெயரை டம்ளருக்கு வைப்பார்களா என்று இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. பிறகு மனசு கேட்காமல் மார்க்கெட்டில் நல்ல பழமாக வாங்கி வேகவைத்து வடிகட்டி, எலுமிச்சையும் மிளகுத்தூளும் போட்டு, நீ காட்டியபடி விளிம்பில் உப்புத் தடவிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, ரசத்த ஆற வெச்சுக் குடுக்கிறியா என்றார். பையன் சொல்லி அனுப்பியது என்றதும் முழுசாகக் குடித்தார். மறுநாள், ஊறுகா இல்லாம எப்டி எறங்கும் மேரி என்று கேட்டார். நானே கடைக்குப் போய் பாக்கெட் வாங்கிப் பிரித்து வைத்தேன். தினம் மூன்று டம்ளர், மூன்று பாக்கெட். சாராயமா குடிக்கிறார், ஊறுகாய்தானே என்று இருந்துவிட்டேன். கல்யாணம் ஆன இத்தனை வருசத்தில் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து அவர் பேசியது இந்த மூன்று மாதம்தான், எனக்கு அதில் சந்தோஷம்.

போன வாரம் கால் வீங்கி வயிறு பானையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். குடித்தாரா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றேன். என்ன கொடுத்தீர்கள் என்றார், சொன்னேன். உப்பே ஆகாதுன்னு சீட்டுல எழுதியிருக்குதேம்மா என்றார். சீட்டு இங்கிலீஷில் இருந்தது, கேத்தரினிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது கிட்னியும் வேலை செய்யவில்லையாம். நீ தடவச் சொன்னது ஒரு சிட்டிகை, ஊறுகாய் வைத்தது நான். இதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பார்க்க வருகிறவர்கள் குடிச்சே கெட்டான் என்று வாசலில் பேசிப் போகிறார்கள். அவரோ, மூணு மாசமா தொடலைங்க, எம் பையன் சொல்லிக் குடுத்ததாலதான் முடிஞ்சுது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். உப்பு விஷயம் அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

மாதா உன்னைக் கடலில் கைவிடாமல் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. கிறிஸ்துமசுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை. கப்பல் அடுத்து எந்தக் கரையில் நின்றாலும் இறங்கி வந்துவிடு.

உன்னைப் பெற்றவள்,
ராஜமேரி