அரிசி டிரம்முக்குள்ள இருந்த புக்கு

நித்யா சாமி,

தூங்கிட்டிருந்த, எழுப்பல. தறிக்குப் போறேன். சோறும் பருப்பும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கறேன்.

இந்தா உன்ற புக்கு. அதைப் படிச்சுத்தான் அழுவறயாட்டம்னு நெனச்சு, அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சது நாந்தான். அப்பறம் தறிக்கு எடுத்துட்டுப் போயி, நூல் அறாத நேரம் பாத்துப் பாத்து முச்சூடும் படிச்சு முடிச்சேன். நீ வெச்ச அடையாளம் உழுந்துருச்சு. தறிநூலு வெச்சிருக்கறேன், பக்கம் சரியான்னு பாத்துக்க.

கதையில, சிநேகிதி செத்த பொறவு அந்தப் புள்ள ஆருகிட்டயும் பேசறதில்ல. அவங்கம்மா தெனமும் சாப்பிட்டயான்னே கேக்கறா. எனக்கு அவ மேல கோவமா வந்துச்சு. வேற என்ன கேக்கோணும்னு கடைசி வரைக்கும் பாத்தேன், எழுதியே இல்ல சாமி.

அம்மா

தயிரு பிரிட்ஜுல இருக்குது. மத்தியானம் சாப்பிட்டயான்னு போன் பண்ணுவேன். எடு.