இத்தாவுக்குள் வந்த படம்

கல்முனைக்குடி
13.12.1954

என் தங்கவாப்பா, மகன் ஜவுபருக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும், இங்கே எங்கள் உடம்புக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை, மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. சிங்கப்பூரில் இப்போது மழையா வெயிலா தெரியாது, இங்கே மாரி பிடித்துப் பத்து நாளாக விட்டபாடில்லை, குசினிக் கூரை ஒழுகி அடுப்பு மூன்று தரம் இடம் மாறிவிட்டது. வயல் வட்டைக்குள் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் வேளாண்மை தப்பும் என்று உன் பெரிய மாமா முகைதீன்பாவா சொல்கிறார். உன் தங்கச்சி ஸுலைஹா சுகம், லீவுக்குப் பள்ளிக்கூடம் விட்டாயிற்று, வாய் மட்டும் விடவில்லை. உன் வயிற்றுவலி மாறியதா, எழுதவே இல்லையே, கடைச்சாப்பாட்டில் உறைப்பைக் குறைத்துக்கொள், வெறுவயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே.

வாப்பா மவுத்தாகி நாலு மாதம் ஆகிறது. உனக்குத் தந்தி கிடைக்கும்போது அடக்கி ஒன்பது நாள் போய்விட்டது, நீ வரவில்லை என்று எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை நினைத்து நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. என் இத்தா முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நாலு மாதமும் பத்து நாளும் வேலிக்கு வெளியே கால் வைக்காமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருப்பது முதலில் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை, முந்தியும் நான் எங்கே போனேன். ஆனால் கார்த்திகையில் ஒரு சங்கதி நடந்தது, அதிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. குசினியிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து வேலிக்கும் நடக்கிறேன், சோறு அடிப்பிடிக்கிறது, வாப்பாவின் தங்கச்சி, உன் றுகையா மாமி, என்ன மச்சி முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரித் திரியிறீங்க என்று சிரிக்கிறா. அதை உனக்கு எழுதினாலாவது கால் ஓயுமா என்று பார்க்கிறேன்.

பஸாருக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த துரை பங்களாவை இந்த வருசம் தையில் மியூசியம் ஆக்கினார்கள் என்று முந்தியே எழுதியிருந்தேன். அதற்குப் பொறுப்பு நேசரட்ணம் மாஸ்ரர், வேதக்காரர், நல்ல மனுசன். பெயர்ப்பலகை எழுத வாப்பாவைக் கூப்பிட்டார். தோணிக்கும் கடைப்பலகைக்கும் தீந்தை பூசித் திரிந்த மனுசன் அங்கே போனதிலிருந்து ஒரு மாதிரியாகிவிட்டார். முதல் தரம் கொழும்பு ஆக்களின் படங்கள் வைத்தார்கள், வாப்பாதான் ஆணி அடித்துத் தொங்கவிட்டார், அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், என்ன என்று கேட்டதற்கு, ஒரு படத்தில பப்பாசிப்பழம் வெட்டி வெச்சிரிக்கி புள்ள, ஈ வந்து குந்தும் குந்துமெண்டு பாத்துக்கொண்டு நிண்டன் என்றார். சித்திரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்கள். ஸுலைஹா வரைந்த மாமரமும் தொங்கியது, மரத்தைவிட மாங்காய் பெரிது, அதைப் பார்க்க உன் மாமா தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு தரம் போனார். ஆடியில் மருதமுனைப் புடவைகள். அப்போது ஒரு நாளைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள், நானும் றுகையா மாமியும் மாட்டுக் கரத்தைக்குத் திரை கட்டிப் போனோம். உடுக்கிற புடவையைச் சுவரில் விரித்து வைத்திருந்தார்கள், இதுக்கா இவ்வளவு தூரம், என்ட கொடியில வந்து பாத்திரிக்கலாமே என்று மாமி சத்தமாகவே சொன்னா. வாப்பா வாசலில் நின்று சிரித்தார். அடுத்த மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் போய்விட்டார்.

கார்த்திகையில் நாலாவதாக இந்தப் பக்கத்து ஆக்களின் கைவேலைகளை வைத்தார்கள். ஒரு நாள் ஸுலைஹா பள்ளிக்கூடத்தால் ஓடி வந்து, உம்மா வாப்பா கீறின படம் ஒண்டு மியூசியத்தில தொங்குது, அதில நிக்கிறது நீங்கதான் என்றாள். எனக்குக் கையில் இருந்த சுளகு விழுந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது மகன். ஆடியிலேயே மாஸ்ரரிடம் கொடுத்து, வீட்ட சொல்லிப் போடாதீங்க என்றாராம். தோணிப் பலகையில் தீட்டியதாம். கடற்கரை, தண்ணீர் ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள், முக்காடு காற்றில் பறக்கிறது, முகம் இல்லை. மறுநாள் றுகையா மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து வெற்றிலையை மடித்துக்கொண்டு, படம் வடிவுதான் மச்சி, ஆனா நீங்க எப்ப கடற்கரைக்குப் போன நீங்க என்றா. உண்மைதானே. பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் கடலைக் கண்டதில்லை, இருநூறு பாகம் தூரத்தில் இருந்துகொண்டு சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். அப்ப ஆரு மச்சி அது, பொத்துவில்ல ரெண்டு மாசம் காக்கா தோணிக்குப் பூசினாரே, தோணிக்கு மட்டுந்தானோ என்று, கூடப்பிறந்த காக்கா என்றும் பாராமல் வாப்பாவைப் பகிடி விட்டா. என் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டா. ஆனால் சொன்னது சொன்னதுதானே. இருபத்தேழு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, மவுத்தாகிய பிறகா வர வேண்டும். வாப்பாவுக்குக் கத்தம் ஓதுகிற இடத்திலும் அந்தப் பெண்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஸுலைஹாவைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன், தோள் எப்படி, புடவை என்ன நிறம், கால் எப்படி என்று. கால் நுரைக்குள்ள உம்மா, புடவ பச்சையும் இல்ல நீலமும் இல்ல என்றாள். அதை வைத்து நான் என்ன செய்ய.

உன் மாமாவுக்குக் கதை எட்டியதும் மியூசியத்துக்குப் போய் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அது என்ட தங்கச்சியெண்டா வெட்கம், இல்லெண்டா அதவிட வெட்கம், ரெண்டில எதெண்டாலும் கழட்டுங்க மாஸ்ரர் என்றாராம். வாப்பாவின் பெயரைச் சொல்லி, முத்தலிப் தந்த பொருளை அவன் இல்லாத நேரம் கழட்ட எனக்கு மனமில்லை என்று மாஸ்ரர் சொல்ல, கடைசியில் மாமா தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்துத் தானே படத்துக்கு மேலே ஆணி அடித்து மூடிவிட்டு வந்தார். அதோடு சங்கதி முடிந்தது என்று நினைத்தார். அதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்க்க நாளைக்குப் பத்துப் பேர் போயிருப்பார்கள். மூடினது என்ன என்று பார்க்கச் சம்மாந்துறையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். எல்லாரும் சால்வையின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அந்த மூலை கறுத்தே போயிற்றாம். என்ட பெருநாள் சால்வையை நாசமாக்கிப் போட்டானுகள் என்று மாமா இங்கே வந்து கத்துகிறார். ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று, பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

ஆலிமிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். மருந்துக்கு, வழக்குக்கு, அப்படித் தேவை இருந்தால் பகலில் போய் வரலாம், படம் பார்ப்பது தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான், என் தேவையை அவருக்கு எப்படி விளங்கப்படுத்த. படத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னால், உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்று மாமா மறித்துவிட்டார். கண்காட்சி போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, என் இத்தா முடிய அதற்குப் பிறகும் எட்டு நாள் கிடந்தது. படத்தை அங்கேயே வைத்துக்கொள்ள மாஸ்ரருக்கு விருப்பம், அதற்கு நானும் மூத்த பிள்ளை நீயும் ஒப்பம் வைக்க வேண்டும். மாமா அந்தப் பெண்ணுக்கு மேலே நீலத் தீந்தை பூசி வெறும் கடலாக்கிப் போடலாம் என்று நின்றார். வாப்பாவின் தீந்தை டப்பாவையும் தேடி எடுத்து வைத்துவிட்டார்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை காலை, மழைக்குள், ஒரு கூடாரக் கரத்தை எங்கள் வேலிக் கடப்படியில் வந்து நின்றது. நேசரட்ணம் மாஸ்ரர் இறங்கினார். மாமா அப்போது இங்கேதான் இருந்தார், என்ன இது என்று பாய்ந்தார். மாஸ்ரர் ஆறுதலாக, படம் வீட்டுக்குள் வரவில்லை, கரத்தையில் இருக்கிறது, உங்கள் தங்கச்சி வெளியில் வரவில்லை, வேலிக்குள் நிற்கிறா, நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இதில் யாருக்கு என்ன குறை என்றார். சொன்னபடி சுற்றின சாக்கை அவிழ்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றார். மாமா என்ன நினைத்தாரோ, தன் குடையை விரித்து, தலைக்குப் பிடிக்காமல் படத்துக்குப் பிடித்தார்.

வேலிக் கிடுகை விலக்கிப் பார்த்தேன். எல்லாரும் சொன்னதுதான் மகன், கடல், முக்காடு, முதுகு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் என் முதுகை எப்போது கண்டேன், அது நானா வேறொருத்தியா என்று எதை வைத்துச் சொல்வது. இதற்கா இத்தனை நாள் துடித்தேன் என்று அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் இடது கை பின்னால் போய் வலது முழங்கையைப் பிடித்திருந்தது. மாமா படத்தைப் பார்த்தார், கிறுகி என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. புள்ள, அது நீதான், சின்னனில நம்மட வாப்பாட்ட அடி வாங்க நிக்கக்குள்ளயும் நீ இப்பிடித்தான் நிப்பாய், இப்பயும் அப்பிடித்தான் நிக்கிறாய் என்றார். என் கையைப் பார்த்தேன். இடது கை பின்னால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வயதுக்கு எனக்கே தெரியாது.

தீந்தை டப்பாவை மாமா தானாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனாலும், நீயெண்டு தெரிஞ்ச பிறகு சபையில தொங்கக் கூடாது, பெட்டிக்குள்ள வெச்சிப் பூட்டு என்றார். நான் மாட்டேன் என்றேன். பெட்டிக்குள் பூட்டினால் நான் திரும்பவும் வீட்டுக்குள்தானே, அங்கே என்றாலும் கடற்கரையில் நிற்கிறேன் என்றேன். முகமும் இல்லை, பெயரும் எழுதக் கூடாது, சால்வையும் போடக் கூடாது என்று மாஸ்ரருக்குச் சொல்லி அனுப்பி, கடதாசியில் என் ஒப்பத்தை வைத்துவிட்டேன். றுகையா மாமி வந்து, நான் சும்மா பகிடிக்குச் சொன்னதுதானே மச்சி என்று கண்ணைத் துடைத்தா, ஓம் ஓம் என்றேன், வேறென்ன சொல்ல.

கடதாசியை இதற்குள் வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளி போட்ட இடத்தில் உன் ஒப்பத்தை வைத்துத் தை பிறக்க முந்தி ஏயார்மெயிலில் அனுப்பு, மறந்துவிடாதே, புது வருசத்துப் படங்கள் மாட்ட முந்தி மாஸ்ரருக்கு வேண்டுமாம். ஜும்ஆவைத் தவற விடாதே, வாப்பாவுக்கு யாஸீன் ஓது, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. அல்லாஹ் உன் கையில் பறக்கத்தையும் உன் வழியில் வெளிச்சத்தையும் தரட்டும், உன் முகத்தை எனக்கு ஒருதரம் காட்டட்டும். அந்தப் பெண் நான்தான் என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை, இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். என்னைக் கடலுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, பலகையில் கூட்டிப் போயும் இருக்கிறார், பிறகு ஏன் மகன், கையைப் பிடித்து வா புள்ள என்று அந்த மனுசன் என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை?

உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா
சல்மா உம்மா