பதிவில் இல்லாத நாய்

மார்ச் 4
படிவத்தை மாற்றிவிட்டேன். நாய்களின் தோலுக்கடியில் வைக்கிற சிப்பின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கினால், தரவுத்தளம் அதை வெறும் எண்ணாக நினைத்து அந்தப் பூஜ்ஜியத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. இனி எழுத்தாகச் சேமிக்கும், தேடுவதும் எழுத்தாகவே. இந்த நாய்க் காப்பகத்துக்கு வந்து இரண்டு மாதத்தில் ஒரு உருப்படியான வேலை. மேலாளர் "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

மார்ச் 5
மழையில் ஒரு கிழட்டு நாயைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வெள்ளை, இடது காதில் பழைய தையல் தழும்பு. சிப் இருக்கிறது. இந்த எண் உள்ள பதிவை மட்டும் எடுத்துக்கொடு என்று தரவுத்தளத்தைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றது. ஒன்பதாம் கூண்டு.

மார்ச் 11
எங்கள் விதி மோசமான விதி. பதினைந்து நாளில் உரிமையாளர் வரவில்லை என்றால் வேறு வீடு. வயதான நாய் என்றால் கருணைக்கொலை ஊசி. இதை யார் எடுத்துப் போகப்போகிறார்கள்? கூண்டுப் பக்கம் போகவே கூடாது என்றிருந்தேன். போனேன். கையை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

மார்ச் 17
விடுப்பு முடிந்து வந்த டாக்டரோடு சண்டை. ஒன்பதாம் கூண்டைப் பார்த்து, "இது நான் போட்ட தையல். சிப்பும் நான்தான் வெச்சேன். பதிவு இல்லாம எப்படி?" என்றார்.

"தேடிப் பாத்துட்டேன் டாக்டர். இல்லைன்னா இல்லதான்."

"நல்லா தேடும்மா."

நல்லாவாம். ஒரு வரித் தேடலில் நல்லது என்ன, கெட்டது என்ன? வீம்புக்கு மூன்று முறை தேடினேன். மூன்று முறையும் இல்லை. பிழை என்றாவது சொல்லித் தொலைத்ததா? அதுவும் இல்லை.

மார்ச் 18
காலையில் டாக்டர் என் மேசைக்கே வந்தார். "அந்த நாயோட ஆள் ஒரு தையல்காரர். 'நீங்களே தச்சிருக்கலாமே'ன்னு நான் கிண்டல் பண்ணது ஞாபகம் வருது."

உரிமையாளரின் தொழில் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. யாரும் அதை வைத்துத் தேடியதில்லை. "தையல்" என்று போட்டேன். ஆறு பதிவுகள். நான்காவதில்: இடது காது, ஆறு தையல். சிப் எண்ணும் அதேதான். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

கண் முன்னால் இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறது — எனக்குத்தான் பைத்தியமா? அப்புறம்தான் பார்த்தேன். புதிய பதிவுகளில் எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி. இதில் இல்லை. இது இன்னும் வெறும் எண். நான் எழுத்தாகக் கேட்கிறேன். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு வேறு. படிவத்தை மாற்றிய மகராசி பழைய பதிவுகளை மாற்றவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அப்படியென்றால், மற்ற நாய்கள்? எத்தனை நாய்களுக்கு "பதிவில் இல்லை" என்று எழுதினேன்? ஏழு. அதில் எதற்காவது ஊசி... பட்டியலைத் திறந்து பார்த்தேன். இல்லை. நான் மாற்றியது நான்காம் தேதி. அதற்குப் பிறகு வந்த எதற்கும் இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை. முதலில் ஆகப்போவது ஒன்பதாம் கூண்டுக்கு. நாளை மறுநாள்.

கழிப்பறையில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பழைய பதிவுகள் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றினேன், விழுங்கிய பூஜ்ஜியங்களையும் திருப்பி வைத்தேன். மறுபடி கேட்டேன். வந்துவிட்டது. மற்ற ஆறில் நான்குக்கும் ஆள் இருக்கிறது. மதியத்துக்குள் ஐந்து வீட்டுக்கும் போன் போட்டுவிட்டேன்.

மார்ச் 19
தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓடிவந்திருந்தார். அவரைப் பார்த்ததும் நாய் முதுகைத் திருப்பிக்கொண்டது. வால் மட்டும் ஆடியது. "கோவிச்சுக்கிட்டான். வீட்ல போய் பேசிக்கிறேன்," என்றார்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "கதவத் தொறந்து போட்டது நான்மா. விடுங்க," என்றார்.

மேலாளர் அப்படி விடவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேலை போகவில்லை. வாங்கியது போதாது என்றுகூடத் தோன்றியது.

மார்ச் 20
ஊசிப் பதிவேட்டில் இன்றைய தேதிக்கு "கூண்டு 9" என்று முன்பே எழுதியிருந்தது. டாக்டர் அதை அடித்தார். அடித்த இடத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன்.