மூடி மேல் நீ பூக்கட்டிய நாள்

இன்று காலை மகளின் வண்டியில் ரெட்டியார்சத்திரம் போகும் வழியில், நான் முன்பு வேலை பார்த்த பெட்ரோல் பங்கில் நின்றோம். பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பலகையில் இருந்த ‘பெட்ரோல்’ என்ற சொல்லை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆமாம், நீ போன பிறகு உன் புருஷன் படிக்கிறான், எழுதுகிறான். முதல் கடிதம் உனக்குத்தான்.

அந்தக் காலத்தில் என் கையில் சாக்பீஸ் இருந்தது எழுதுவதற்கு அல்ல. நீளமான அளவுகோலில் அதைத் தேய்த்து, தரைக்கடியில் இருக்கும் டேங்கில் இறக்குவேன். பெட்ரோல் நனைத்த இடம் வரை நிறம் மாறியிருக்கும். அதுதான் இருப்பு.

விற்றதைவிட அதிகமாக இருப்பு குறையத் தொடங்கியதும் முதலாளியின் சந்தேகம் என் மேல் விழுந்தது.

“டேங்க்தான் ஒழுகுது மொதலாளி. ஒரு பகல் விக்காம வச்சு, காலையிலயும் சாயங்காலமும் கோலை விட்டுப் பாப்பம்” என்றேன்.

“நடுவுல நீயே மூடியத் தொறந்து எடுத்துட்டா?”

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த நீ கூடையோடு உள்ளே வந்தாய்.

“ஒங்க ரூமுக்கு நேராத்தான மூடி இருக்கு? நான் அதுமேல உக்காந்துக்கிறேன். இந்த ஒடம்பத் தூக்கிட்டு எவன் தொறக்குறான்னு பாப்பம்.”

மறுநாள் காலை முதலாளி தன் கையாலேயே கோலை இறக்கி, ஈரம் நின்ற இடத்தில் கோடு போட்டார். நீ மூடி மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து, மல்லிகையைக் கட்டத் தொடங்கினாய். மத்தியானம் அவரே இரங்கி வந்தார்.

“ஏம்மா, சாப்பிடவாச்சும் எந்திரி.”

“எந்திரிச்சா எம்புருசன் திருடனாயிருவாரு. சோறு இங்க வரும்.”

டயருக்குக் காற்றடிக்க வந்த லாரிக்காரர் சும்மா போகவில்லை.

“யக்கா, முட்டை வச்சு அடைகாக்குறியா?”

“ஆமாப்பு, சாயங்காலம் பொரிச்சிரும்!”

சாயங்காலம் கோலை இறக்கினோம். ஒரு சொட்டுகூட விற்கவில்லை. ஆனால் ஈரம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. முதலாளி கோலையே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “குஞ்சு பொரிச்சிருச்சும்மா” என்றார். தோண்டிப் பார்த்தபோது டேங்கின் அடியில் துருப்பிடித்த ஓட்டை இருந்தது.

அன்று நீ கட்டிய பூவை வாங்கிய ஒரு அம்மா, “என்ன இது, பூவுல வண்டி வாசம் அடிக்குது?” என்று கேட்டதும் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது டேங்குக்குள் கருவி இருக்கிறதாம். ஒழுகினால் மணி அடிக்குமாம். பங்குத் தம்பி சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயே செத்த நேரம் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, வாங்க போவோம். அங்க என்னத்த மோந்து பாக்குறீங்க?” என்றாள் மகள்.

“பூவ” என்றேன்.